மூன்று நாள் சாமியார்

'வேகமே' என்று முழங்கிவிட்டு இப்போது நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே!

புதிதாக ஒன்றைக் கற்கக் கைகொடுப்பது வேகமா, நிதானமா? எனக்கு முன்னால் பேசிய அம்மா, "சூட்டோட சூடா படிச்சு முடிச்சிரணும், ஆறவிட்டா போச்சு" என்றார். அய்யா, நான் மூன்று தடவை சூடு பட்டவன். ஜப்பானிய மொழியில்!

முதல் தடவை வந்தது ரோஷம். சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர், 1919இல் பிறந்தவர், அறுபது வயதை ஒட்டித் தமிழ்ப் பக்கம் வந்தார். இரு மொழிக்கும் உறவு உண்டு என்று எழுதினார். மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அது தனிப் பட்டிமன்றம். 'அந்த வயசுல அவர் தமிழ் படிச்சாரே, நாம ஜப்பானியம் படிக்கக்கூடாதா?' என்று கிளம்பினேன். புது நோட்டு, புதுப் பேனா.

ஆரம்பம் சர்க்கரைப் பொங்கல்தான். உயிரெழுத்து ஐந்தே ஐந்து. வாக்கிய அமைப்போ நம் வீட்டு அமைப்பு. 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்பதை அவர்கள் 'வதாஷி வா கோஹான் ஓ தபேமாஸ்' என்பார்கள். வினை கடைசியில். நம் 'ஐ' உருபு இருக்கும் இடத்தில் 'ஓ'. கேள்வி கேட்க நாம் கடைசியில் 'ஆ' போடுகிறோம், அவர்கள் 'கா' போடுகிறார்கள். ஆகா, ஆறு மாசம் போதும் என்று நினைத்தேன்.

அப்புறம் வந்தது காஞ்சி. காஞ்சிபுரம் இல்லீங்க! (சிரிப்பு) சீனத்திலிருந்து போன எழுத்துக்கு அவர்கள் வைத்த பெயர். ஹிரகானா 46, கதகானா 46 தாண்டினால், அன்றாட வழக்குக்கு அரசு வரையறுத்த காஞ்சி 2136. கணக்குப் போட்டேன். நாளைக்கு 20, மொத்தம் 107 நாள். பதினைந்தாம் நாள் விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது. மூன்று நாள் விட்டேன். அறுபது எழுத்து பாக்கி. கடன்காரனைக் கண்டு ஒளிகிற மாதிரி நோட்டைக் கண்டு ஒளிந்தேன்.

மறு வருஷம் மறுபடியும் முதல் பக்கம். அதற்கடுத்தும் முதல் பக்கம். முதல் பாடத்தில் நான் டாக்டர் பட்டமே வாங்கலாம், நாலாம் பாடம் முகம் தெரியாது! ஜப்பானியர்களே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'மிக்கா போஸு'. மூன்று நாள் சாமியார். மொட்டை போட்டு மடத்தில் சேர்ந்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடுகிறவன்.

என் மகள் குடியிருப்பது தோக்கியோவில், நம்மவர்கள் நிறைய இருக்கும் நிஷிகசாய் பகுதியில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் போயிருந்தேன். பேரனுக்கு அப்போது ஐந்து வயது. ஒருநாள் ராத்திரி மகளும் மருமகனும் வெளியே போயிருந்த நேரம், பிள்ளை தூக்கத்திலிருந்து வீரிட்டு எழுந்தான். தமிழ் பேசுகிறவன்தான். ஆனால் பாலர் பள்ளியில் விழுந்து எழுந்து அழுத மொழி ஜப்பானியம் அல்லவா? "மிமி... மிமி... இதாய்!" என்று கதறுகிறான். மிமி ஏதோ பொம்மை என்று நினைத்து, "இதாய்யா? இதா?" என்று வீட்டிலிருந்த பொம்மையை எல்லாம் எடுத்து நீட்டுகிறேன். நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நானும் அழாத குறை. மகள் வந்ததும் சொன்னாள், "அப்பா, அவனுக்குக் காது வலிக்குதுப்பா."

மிமி என்றால் காது. இதாய் என்றால் வலிக்கிறது.

அய்யா, எனக்குத் தெரியாத சொல்லா அது? என் நோட்டில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். ஒருநாள் இருபதில் அதுவும் ஒன்று. வேகமாக வந்தது, வேகமாகவே போயிற்று.

அங்கேதான் விசாரித்தேன். ஜப்பானில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வருஷம் முழுக்க 80 காஞ்சிதான். ஆறு வருஷத் தொடக்கப் பள்ளிக்குமாகச் சேர்த்து 1026. அந்த மொழியிலேயே பிறந்து வளர்கிற பிள்ளைக்கு ஒரு வருஷம், இந்த வாத்தியாருக்கு நாலே நாள்! (கைதட்டல்)

நாலாம் தடவை முதல் பக்கத்துக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே திறந்தேன். காலைக் காபிக்கு முன்னால் கால் மணி நேரம். பழசு பத்து, புதுசு ஒன்று. வாரத்துக்கு ஐந்து போதும். விட்டுப்போன நாளுக்கு வட்டி கிடையாது, மறுநாள் இரட்டிப்பு கிடையாது. விடைத்தாள் குவியும் மாதத்தில் பழசு மட்டும். மனிதனைக் குறிக்கும் எழுத்தின் பக்கத்தில் மரத்தைப் போட்டால் 'ஓய்வு' என்று பொருள். அதைப் படித்த அன்றைக்கு நோட்டை மூடிவிட்டுச் சாய்வு நாற்காலிக்குப் போய்விட்டேன்! இப்படியே ஒன்றேகால் வருஷம் ஓடியிருக்கிறது. முந்நூற்றுச் சொச்சம் எழுத்து கூடவே இருக்கிறது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேரனிடம், "மிமி, தைஜோபு?" என்று கேட்டேன். காது பரவாயில்லையா என்று அர்த்தம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பயல் தமிழில் சொல்கிறான்:

"தாத்தா, அது எப்பவோ சரியாப் போச்சு!"