சேற்றின் நடுவே நடப்போம்



அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைத்தொடர் வழியே ஒரு நெடிய நடைபாதை செல்கிறது. 1955-ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர். அவ்வாண்டு, பதினோரு மக்களைப் பெற்ற 67 வயது மூதாட்டி எம்மா கேட்வுட், அதனைத் தனியே நடந்து முடித்தார். தோளில் ஒரு துணிப்பை. மழைக்குக் குளியலறைத் திரை. ஆகஸ்டுத் திங்களில் இரு புயல்கள் பெருவெள்ளம் கொணர்ந்தன. எனினும் அவர் திரும்பவில்லை.

அத்தகைய பாதைகளில் மழைநாளுக்கு ஒரு நெறி உண்டு. சேற்றுக்கு அஞ்சி ஓரமாய் ஒதுங்கினால் செடிகள் மிதிபடும். பாதை அகன்று மேலும் சேறாகும். ஆதலின் நடுவிலேயே நடத்தல் வேண்டும். நம் கால் நனையும். பின்வருவோர்க்கு வழி நிலைக்கும்.

வேற்றூரில் வாழும் நாமும் நம் மக்களுக்கு அத்தகைய வழியையே விட்டுச் செல்வோமாக!