கடப்பாரை கையில்; கருவி எங்கே?

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

மழைக்காலம் முடிந்ததும் மும்பையில் சாலை வெட்டும் வேலை தொடங்கிவிடும். வெட்டுகிறவர்கள் யார்? பாலமூர் என்னும் மகபூப்நகரிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும், நம்மைப் போலவே பிழைக்க வந்தவர்கள். அந்த மண்ணுக்குள் மின்கம்பி, தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய் எல்லாம் கிடக்கின்றன. எது எங்கே என்பது கடப்பாரை பிடித்தவருக்குத் தெரியாது. உயர் அழுத்த மின்கம்பியில் கடப்பாரை இறங்கினால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள்!

கண்டுபிடிக்கக் கருவி இல்லையா? இருக்கிறது. மின்காந்தக் கருவி மின்கம்பியையும் இரும்புக் குழாயையும் காட்டும். ரேடார் கருவி பிளாஸ்டிக் குழாயையும் காட்டக்கூடும். பின் ஏன் வரவில்லை? தடைகள் மூன்று.

முதலாவது, கருவியின் குறை. ஈரக் களிமண்ணும் உப்புநீர் ஊறிய மண்ணும் ரேடார் அலையை விழுங்கிவிடும். கடலோர மும்பைக்கு இது சிறிய குறையல்ல. திரையில் தெரிவதைப் படிக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். சந்தேகம் வந்தால் கையால் சோதனைக் குழி எடுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வரைபடம். ஒவ்வொரு துறையும் தன் படத்தைத் தன் பீரோவில் வைத்திருக்கிறது. பல பழைய குழாய்களுக்குப் படமே இல்லை. தோண்டுகிறவரையும் குழாய்க்காரரையும் இணைக்க, 2023 மார்ச் 22 அன்று 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியை மத்திய அரசு தொடங்கியது. கண்ணாடி இழைக் கம்பி போன்றவை அறுபடுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நட்டம் என்றும் சொன்னது. நல்லது. கம்பிக்குக் கணக்குச் சொன்னவர்கள் கருகிய கைக்கும் ஒரு கணக்குச் சொல்ல வேண்டாமா?

மூன்றாவது தடைதான் பெரியது: கூலி முறை. மீட்டருக்கு இவ்வளவு என்று பேசிய வேலையில், தேடுகிற நேரத்துக்குக் காசு ஏது? ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே உள்ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே மேஸ்திரி. இலாபம் மேலே ஏறுகிறது. ஆபத்து கீழே இறங்குகிறது.

அமெரிக்காவில் 2007 முதல் 811 என்ற ஒரே எண்ணை அழைத்தால், தோண்டுமுன் தரையில் வண்ணக் குறி போடுகிறார்கள். மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், குடிநீருக்கு நீலம். எழுத்தறியாதவருக்கும் நிறம் புரியும் அல்லவா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஒப்பந்தப் புள்ளியில் தேடும் பணிக்குத் தனித்தொகை ஒதுக்க வேண்டும். விலைப் போட்டியில் அது குறைக்கப்படக் கூடாது. குறி போட்ட பிறகே தோண்ட வேண்டும். குறியில்லாத இடத்தில் தோண்ட மறுக்கும் தொழிலாளிக்கு அன்றைய கூலி போகக் கூடாது.

நாம் இயந்திரத்துக்கு எதிரிகள் அல்ல, தோழர்களே! அது தொழிலாளிக்கு முன்னால் நடக்கட்டும் என்கிறோம்.