நாள்தோறும் ஒரு சோதனை



புனேயிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் தொழில் புரியும் நம்மவருள் கணினி நிரல் எழுதுவோர் பலர். அத்தொழிலின் சிறு கூறொன்றைப் பற்றி இன்று பேச விழைகின்றேன்.

இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்புகின்றோம். எழுதிய பெயர் அளவுக்கு மிஞ்சியதா என்பதைத் தொலைவிலுள்ள கணினி பார்க்குமுன் நம் கைக்கருவியே பார்த்துச் சொல்லிவிடுகின்றது. அப்பணியைச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி. 1995-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பார் அதன் முதல் வடிவைப் பத்தே நாள்களில் ஆக்கினார்.

இந்நிரலில் நேரும் பிழை, எழுதியவர் மேசையில் தெரியாமற்போய், பயன்படுத்துவோர் கையில் வெளிப்படுவதுண்டு. ஓர் எடுத்துக்காட்டு கூறுவேன். 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? நம் வீட்டுக் குழந்தை 3 என்னும். ஜாவாஸ்கிரிப்டோ 5 என்னும். யூனிகோடு முறையில் மகரத்தோடு சேரும் இகரக் குறியும், ழகரத்தின் மேலுள்ள புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் ஆதலின், அவற்றையும் அது எண்ணிவிடுகின்றது. பெயர் 15 எழுத்தை மிஞ்சலாகாது என்று ஒரு படிவம் விதித்தால், 9 எழுத்தே உடைய 'மீனாட்சிசுந்தரம்' என்னும் பெயரை 16 என்று கணக்கிட்டுத் தள்ளிவிடும். ஆங்கில எழுத்தில் மட்டும் பெயர்களை இட்டுப் பார்த்தவர் இப்பிழையை எவ்வாறு அறிவார்? கண்ணுக்குத் தோன்றும் எழுத்தை எண்ணும் கருவியும் அம்மொழியில் இன்று உண்டு; வேண்டும் என்று தோன்றினாலன்றோ அதனைக் கையாள்வர்!

இதற்காகவே தொடர் ஒருங்கிணைப்பு என்னும் முறை வழங்குகின்றது. நிரலில் ஒரு வரி மாறிப் பொதுத் தொகுப்பிற் சேரும்போதெல்லாம், தனியொரு கணினி எல்லாச் சோதனைகளையும் தானே நடத்துகின்றது. மனிதரைப் போலவே பிரவுசரைத் திறந்து, பெயரை இட்டு, பொத்தானை அழுத்தி, விடையைப் பார்க்கின்றது. இதற்கான செலினியம் என்னும் கருவியை 2004-ஆம் ஆண்டில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கினார். 2017 முதல் குரோம் பிரவுசர், திரை இல்லாமலே நினைவகத்திற்குள் பக்கத்தை அமைத்துக்கொண்டு இயங்கவும் வல்லதாயிற்று. மீனாட்சிசுந்தரத்தின் பெயரை ஒருமுறை சோதனையில் எழுதி வைத்தால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அது காவல் நிற்கும்.

ஆயினும் காவலனும் பொய்க்குரல் எழுப்புவதுண்டு. விடை தோன்ற 2 விநாடி போதும் என்று சோதனையில் எழுதியிருப்பர். வேலை மிகுந்த கணினியில் 3 விநாடி ஆகும். நிரல் செம்மையாக இருந்தும் சோதனை தோற்கும். 'மறுபடி ஓட்டினால் சரியாகும்' என்று பழகிவிட்டவர், மெய்யான பிழை வரும் நாளிலும் அவ்வாறே சொல்லிக் கடந்துபோவார். சோதனைக்கு நேரும் பெருங்கேடு இதுவே. காத்திருக்கும் நேரத்தை நீட்டுவது மட்டும் மருந்தாகாது. விடை தோன்றும் அக்கணம் வரை காத்திருக்குமாறு எழுதுவதே முறை. தோற்ற சோதனையின் காரணத்தை அன்றே ஆராய வேண்டும்.

நிரல் எழுதும் இளைஞர்களே! உங்கள் சோதனைப் பட்டியலில் உங்கள் பாட்டியார் பெயரையும் தமிழிலேயே சேர்த்து வையுங்கள். முகமறியா ஒருவர் தம் பெயரைத் தம் மொழியில் எழுதித் தடையின்றி அனுப்புவாராயின், அதுவே உங்கள் உழைப்பின் பயன்.