யாருடைய வருமானம்? எந்தக் குடும்பம்?



"எங்க வீட்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், எங்களுக்கு கவர்மென்ட்ல ஒண்ணும் கிடைக்காதுங்க." இப்படிச் சொல்லிவிட்டு விண்ணப்பமே போடாமல் இருக்கிற தம்பதிகள் நம் ஊர்களில் ஏராளம். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை, பாதி தவறு. எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தப் பேச்சு.

திருப்பூர்ப் பக்கம் ஒரு கணவன் மனைவியை வைத்துக்கொள்வோம். மனைவி பனியன் கம்பெனியில் டெய்லர், மாதம் 12,000 ரூபாய் சம்பளம். கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர், ஒரு நாள் கூலி 700 ரூபாய். நல்ல மாதத்தில் 20 நாள் வேலை இருக்கும். 14,000 கைக்கு வரும்.

முதலில் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியபோது வகுத்த விதிப்படி, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நம் தம்பதி எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? 12,000, அதோடு 14,000, மொத்தம் 26,000. பன்னிரண்டால் பெருக்கினால் 3,12,000. "தாண்டிருச்சு, விடு" என்று பேப்பரை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கு தப்பு. பெயின்டருக்கு வருஷம் முழுக்கவா வேலை இருக்கிறது? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் ராத்திரி பகலாக வேலை, மழைக்காலத்தில் வீட்டில் சும்மா. வருஷத்துக்கு 150 நாள்தான் கூலி வந்தது என்றால் அது 1,05,000 ரூபாய். மனைவியின் சம்பளம் 1,44,000. கூட்டினால் 2,49,000. வரம்புக்குள் வந்துவிட்டது. கூலி வேலை செய்கிறவர்கள் நல்ல மாதத்தை எடுத்துப் பன்னிரண்டால் பெருக்கவே கூடாது. வேலை கிடைத்த நாட்களைத்தான் எண்ண வேண்டும். அந்த நாட்களை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால், வருமானச் சான்றுக்காக கிராம நிர்வாக அலுவலர் கேட்கும்போது தடுமாற வேண்டியதில்லை.

வருமானம் மட்டும் பார்த்தால் போதாது. அந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் பெயர் உள்ளவர்கள். கல்யாணமாகித் தனியே சமைத்துச் சாப்பிட்டாலும், பெயர் மாமனார் கார்டிலேயே இருந்தால் நீங்கள் அந்தக் குடும்பம்தான். அதே கார்டில் இருக்கும் கொழுந்தனார் ஒரு கார் வாங்கினால் உங்களுக்கும் தகுதி போகும். தனிக்குடித்தனம் என்றால் பழைய கார்டில் பெயரை நீக்கிவிட்டுப் புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். பலர் இதைப் பல வருஷமாகத் தள்ளிப்போடுகிறார்கள், அதற்கு ஒரு காரணமும் இருக்காது.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இதில் ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். முன்பு 72,000 ஆக இருந்ததை 2022-இல் உயர்த்தினார்கள். அப்படியும் மாதத்துக்கு 10,000 ரூபாய்தான் ஆகிறது. நம் டெய்லரின் சம்பளம் ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது, கணவர் கூலியைச் சேர்க்கவே வேண்டாம். வீட்டில் சம்பாதிப்பது ஒருவரா இருவரா என்று இந்த வரம்பு பார்ப்பதில்லை. இரண்டாவது ஆள் வேலைக்குப் போனால் பஸ் செலவு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவு எல்லாம் கூடும், ஆனால் அந்தச் செலவுக்குக் கழிவு கிடையாது. என்னைக் கேட்டால், இருவர் உழைக்கும் வீட்டுக்கு இது நியாயமான அளவுகோல் அல்ல.

ஆனால் இந்த இடத்தில்தான் நம் தம்பதி மறந்துபோன ஒன்று இருக்கிறது: ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு. அதில் குடும்ப வருமானம் என்ற பேச்சே இல்லை. தொழிலாளி ஒருவரின் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. இருவரும் கம்பெனி வேலை செய்து ஆளுக்கு 20,000 வாங்கினாலும் இருவருக்குமே தகுதி உண்டு, இரண்டையும் கூட்ட வேண்டியதில்லை. ஓவர்டைம் பணம் அந்த 21,000 வரம்பில் சேராது. நடுவில் சம்பளம் உயர்ந்து வரம்பைத் தாண்டினாலும் உடனே வெளியேற்ற முடியாது. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு பங்களிப்புக் காலங்கள். எந்தக் காலத்தில் சம்பளம் உயர்ந்ததோ அது முடியும்வரை பாதுகாப்பு தொடரும்.

12,000 சம்பளத்தில் பிடித்தம் முக்கால் சதவீதம், அதாவது 90 ரூபாய். கம்பெனி தன் பங்காக 390 ரூபாய் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் அந்த 90 ரூபாயைப் பார்த்து முகம் சுளிக்கிறோமே, அதற்குள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியம் இருக்கிறது. ஆம், கணவருக்கும்தான். ஈ.எஸ்.ஐ. என்றால் ஆம்பளை கார்டு, அதில் மனைவி பெயரைச் சேர்க்கலாம் என்றே பலர் நினைக்கிறார்கள். மனைவியின் கார்டில் கணவர் பெயரும் ஏறும். சாரத்திலிருந்து விழுந்து பெயின்டர் கால் முறித்துக்கொண்டால், மனைவியின் ஈ.எஸ்.ஐ. கார்டைக் காட்டி மருத்துவம் பார்க்கலாம். மகப்பேறு வந்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான தொகை கிடைக்கும். அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாட்களாவது பணம் கட்டியிருக்க வேண்டும். கம்பெனி பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

கணவருக்குத் தனியாக இன்னொரு வழியும் உண்டு. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பெயின்டர்களும் சேரலாம், வயது 18-லிருந்து 60-க்குள். சொந்தமாக ஈ.எஸ்.ஐ., பி.எப். இருப்பவர்கள்தான் நலவாரியத்தில் சேர முடியாது. மனைவிக்கு ஈ.எஸ்.ஐ. இருப்பது கணவருக்குத் தடை ஆகாது. நலவாரியமும் ஈ.எஸ்.ஐ.யும் ஆளைப் பார்ப்பவை, உரிமைத் தொகையும் மருத்துவக் காப்பீடும் வீட்டைப் பார்ப்பவை. விண்ணப்பம் வாங்கும்போதே இது எந்த வகை என்று கேட்டுவிடுங்கள்.

கம்பெனி வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஈ.எஸ்.ஐ. பதிவில் கணவர், பிள்ளைகள் பெயர் ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே கம்பெனி ஆபீசில் கேளுங்கள். ஆதார் நகல் கையில் இருக்கட்டும். அங்கே சரியான பதில் வராவிட்டால் ஈ.எஸ்.ஐ.யின் கட்டணமில்லா எண்ணுக்குப் பேசலாம்: 1800 11 2526.