பல் சின்னது, பாடு பெரியது

(பாலவாக்கத்தில் நடந்த பெற்றோர் கூடுகையில் ஆற்றிய உரை)



பாலவாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் முட்டுக்காடு. பல ஊனங்கள் ஒருங்கே உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2005-இல் ஏற்படுத்திய தேசிய நிறுவனம் அங்கே இருக்கிறது. வடக்கே கோட்டூர்புரத்தில், 1985-இல் தொடங்கப்பட்ட வித்யாசாகர் இருக்கிறது. நடக்கவும் பேசவும் பழக்குவதற்காகப் பிள்ளைகளை இடுப்பில் சுமந்து பஸ் ஏறுகிற தாய்மாரை நாம் அறிவோம். அத்தனை பாடுகளுக்கு நடுவில் பல் மட்டும் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. "பால் பல்தானே, விழுந்து முளைக்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். கடைசிப் பால் பற்கள் 11, 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அதுவுமன்றி, நீடித்த வியாதியுள்ள பிள்ளைக்கு ஒரு சொத்தைப் பல் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இருதயக் கோளாறுள்ள பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈறு பழுத்திருந்தால், வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்து இருதயத்தின் உள்சவ்வில் போய்த் தங்கிவிடலாம். டவுன் நோய்க்குறியுடன் பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இருதயக் குறையும் உண்டு. ஈறு நோயும் அவர்களுக்குச் சீக்கிரமே வருகிறது. ஹீமோபிலியா உள்ள பிள்ளைக்கு, முன்னேற்பாடின்றி ஒரு பல்லைப் பிடுங்கினால் இரத்தம் நிற்காது. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும்போது வெள்ளணுக்கள் குறைந்துவிடுவதால், சிறிய பல் சீழும் பெரிய காய்ச்சலாக மூளும். ஆகவே சிகிச்சை தொடங்குமுன்பே வாயைப் பார்த்துவிடுவது நல்லது.

இந்தப் பிள்ளைகளுக்குப் பல் கெடுவது தாயின் கவனக்குறைவால் அல்ல. மாதக்கணக்கில் குடிக்கிற மருந்துகளில் பல இனிப்புச் சிரப்புகள். மெல்ல முடியாத பிள்ளைக்குப் பாலில் நனைத்த பிஸ்கட்டே ஆகாரமாகிவிடுகிறது. மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு நாக்கு சரியாகச் சுழலாததால் சோறு கன்னத்தில் ஒதுங்கி நிற்கும். வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டாயின் மருந்து சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; டாக்டரிடம் சொல்லுங்கள். வாயைச் சுத்தமாக வைத்தால் வீக்கம் குறையும்.

வீட்டிலே செய்யக்கூடியவை உண்டு. பிள்ளையை உங்களுக்கு முன்பாக உட்காரவைத்து, அதன் தலையை உங்கள் மார்பில் சாய்த்துக்கொண்டு பின்னாலிருந்து பல் தேய்த்துவிடுங்கள். கை இறுக்கமுள்ள பிள்ளை தானே பிடிக்கும்படி பிரஷின் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கலாம். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் 3 வயது வரை அரிசி மணியளவு, அதற்குமேல் பட்டாணியளவு போதும். இரவில் மருந்து குடித்தபின் ஈரத்துணியாலாவது வாயைத் துடைத்துவிடுங்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். ஹீமோபிலியா பிள்ளைக்குப் பல்வலி என்று ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

பல் டாக்டரிடம் போகும்போது மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். இருதயப் பிள்ளைகளில் சிலருக்குப் பல் பிடுங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும்; ஹீமோபிலியா பிள்ளைக்கு முன்கூட்டியே உறைபொருள் ஊசி போட வேண்டும். சீட்டைப் பார்த்தால்தான் அதைச் செய்ய முடியும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மெஷின் சத்தமே பயம். அப்படிப்பட்டவர்களுக்கு முதல் நாள் வைத்தியமே செய்வதில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, கருவியின் பெயரைச் சொல்லி, கையில் தொட்டுக் காட்டி அனுப்புவோம். சொல், காட்டு, பிறகு செய் என்கிற இந்த முறை 1959 முதல் பல் வைத்தியத்தில் பழக்கத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று தரம் வந்தபின் தானாக வாய் திறக்கிற பிள்ளைகள் உண்டு.

எப்படியும் உட்கார முடியாத பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து, கெட்ட பற்கள் அனைத்தையும் ஒரே தடவையில் சரிசெய்ய வேண்டும். அதற்கு மயக்க மருந்து நிபுணர், ஆபரேஷன் தியேட்டர், கண்காணிக்கப் படுக்கை எல்லாம் தேவை. மற்றப் பிள்ளைக்கு அரைமணியில் அடைக்கிற சொத்தைக்கு இந்தப் பிள்ளைக்கு ஒரு நாளும் பெருஞ்செலவும் ஆகிறது. அந்தச் செலவைத் தாங்காத குடும்பங்கள் பிள்ளையின் வலியோடே திரும்பிப் போகின்றன. பேச்சு வராத பிள்ளை வலியை எப்படிச் சொல்லும்? சாப்பாட்டைத் தள்ளும், கன்னத்தில் அடித்துக்கொள்ளும், இராத்திரி அழும். பிடிவாதம் என்று நினைத்துவிடுகிறோம்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1995-இன் சட்டம் 7 வகை ஊனங்களைச் சொன்னது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. ஹீமோபிலியாவும் தலசீமியாவும் அதில் சேர்ந்தவை. அரசு, தனியார் ஆஸ்பத்திரி எதுவானாலும் தடையின்றி உள்ளே வர வழி இருக்க வேண்டும் என்றும், பார்ப்பதிலும் சிகிச்சையிலும் இவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதன் 25-ஆம் பிரிவு கூறுகிறது. சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் இந்த முன்னுரிமையைத் தயங்காமல் கேளுங்கள்.

தாங்குகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பிரஷும் பேஸ்ட்டும், தாய்க்குக் கற்றுக்கொடுக்க ஒரு மணி நேரமும் சொற்பச் செலவே. அதை இன்று கொடுத்தால், பல பிள்ளைகளுக்கு நாளை ஆபரேஷன் தியேட்டர் தேவைப்படாது. ஏற்கெனவே வலியில் இருக்கிற பிள்ளைகளோ நாளைவரை காத்திருக்க முடியாது. இவ்விரண்டுக்குமே உங்கள் உதவியை நாடி நிற்கிறோம்.

பெற்றோரே, அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும், "பிள்ளையின் வாயையும் ஒருமுறை பாருங்கள்" என்று கேளுங்கள்.