கம்பும் பொறுமையும்



திருகோணமலை என்றதும் பலருக்கும் நினைவில் எழுவன கோணேசர் கோயிலும், சுவாமி மலையும், ஆழ்ந்த இயற்கைத் துறைமுகமுமே. அத்துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களுக்கு வேறொரு செல்வமும் உண்டு. கிண்ணியா, மூதூர் முதலிய இடங்களில் தமிழரும் முஸ்லிம்களும் வழிவழியாகப் பேணிவந்த சீனடி, சிலம்படி என்னும் தற்காப்புக் கலைகளே அவை.

இவற்றைக் கற்க ஆவலோடு வருவோர் பலர். சில மாதங்களில் விலகிச் செல்வோரும் பலர். அவர்களை விலக்குவது பயிற்சியின் கடுமையன்று. 'நான் முன்னேறவில்லையே' என்னும் ஏக்கமே.

நெற்றியளவு உயர்ந்த கம்பைக் கையில் வாங்கியவுடன் அதனைச் சுழற்றவே இளைஞன் விரும்புகிறான். ஆசானோ அவன் காலைக் கவனிக்கிறார். முன்வைத்தல், பின்வாங்கல், திரும்புதல் என்று காலடியையே நாள்தோறும் பழக்குகிறார். இது வீண் தாமதமன்று. கால் நிலைக்காமல் கம்பு சுழன்றால், அடி எதிரிமீது விழுமுன் தன் முழங்காலிலேயே விழும். அவசரப்பட்டு எதிர்வீச்சில் இறங்குபவன் விரல் நசுங்கித் திரும்புகிறான்.

உடலின் கல்வி ஒரே சீராக ஏறுவதுமன்று. சில வாரம் விரைவாக ஏறும். பின்னர் அசையாது நிற்கும். நிற்பதுபோல் தோன்றும் அக்காலத்திலும் கற்ற அசைவுகள் உள்ளே உறுதிபெறுகின்றன. உறக்கமும் அவ்வேலையில் பங்கு கொள்கிறது என்று இன்றைய ஆய்வாளர் கூறுவர். ஆதலின் ஓய்வும் பயிற்சியின் ஓர் உறுப்பேயாம்.

1922இல் தோக்கியோவில் கராத்தேயை நிகழ்த்திக் காட்டிய ஒக்கினாவாக்காரர் ஃபுனாகோசி கிச்சின், இளமையில் தெக்கி என்னும் மூன்று பயிற்சி வரிசைகளைக் கற்கவே பத்தாண்டுகள் செலவிட்டார். ஒன்று திருந்தும்வரை அடுத்ததை ஆசிரியர் தொடவிடவில்லை. அவ்வாறு கற்றவரே பிற்காலத்தில் உலகறிந்த ஆசானாக விளங்கினார்.

யூடோவிலும் கராத்தேயிலும் இடைப்பட்டையின் நிறம் மாணவனின் படியைக் காட்டும். மரபுவழிச் சிலம்பத்திலோ அத்தகைய அடையாளம் இல்லை. ஆகவே மாணவன் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்தே தன்னை அளக்கிறான். அவனுடைய வயது வேறு, உடல்வாகு வேறு, முன்பழக்கம் வேறு. அந்த அளவுகோல் எவ்வாறு பொருந்தும்? சென்ற மாதம் இடக்கையில் எத்தனை சுற்றுக்குப் பின் கம்பு நழுவிற்று, இம்மாதம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மூச்சு எப்போது இரைக்கிறது, காலடி எங்கே தடுமாறுகிறது என்று கவனியுங்கள். ஒரு நாளில் ஒரு குறையை மட்டும் திருத்துங்கள்.

இதில் தங்கியிருப்பது ஒருவருடைய தேர்ச்சி மட்டுமன்று. இக்கலையின் நுட்பங்களிற் பல ஏட்டில் இல்லை. முதிய ஆசான்களின் கையிலும் காலிலும் உள்ளன. பொறுத்து நின்று கற்கும் மாணவன் இல்லையேல் அவை அவர்களோடு மறையும். விரைந்து கற்று விரைந்து மறப்பவனைவிட, மெல்லக் கற்று நிலைத்து நிற்பவனே அவற்றை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்ப்பான்.