பாவலர் குழுவும் ஒன்பதாம் வகுப்பும்

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"நீ வாத்தியார்தானே, ஏதாவது பேசு" என்று செயலாளர் மைக்கைக் கொடுத்துவிட்டார். விடுதிச் சாப்பாட்டுக் கதையை மற்றவர்கள் பேசட்டும். மேனாம்பேட்டில் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த ஓர் ஆய்வைப் பற்றி நான் சொல்கிறேன்.

தலைப்பு, 'புகழ்பெற்ற ஓர் இசைக்குழுவும் அதன் தாக்கமும்'. மற்ற பிள்ளைகள் எல்லாம் பீட்டில்ஸ் பக்கம் போய்விட்டார்கள். செய்தி ஏராளமாகக் கிடைக்குமே! என்னிடம் வந்த ஐந்து பேர் மட்டும் பாவலர் சகோதரர்களை எடுத்துக்கொண்டார்கள். 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் சிம்பொனி அரங்கேற்றிய செய்தியைப் பார்த்த சூடு.

பண்ணைப்புரம் பாவலர் வரதராஜனை நம்மிலேயே பலருக்குத் தெரியாது. கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். ஜனங்களுக்கு மனப்பாடமான சினிமா மெட்டை எடுத்து, அதில் விலைவாசியையும் கூலியையும் உட்கார வைப்பார். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல். அங்கே தேயிலைத் தோட்டங்களில் ஏராளமான தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களிடம் பாட்டாலேயே ஓட்டுக் கேட்டார். ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் சேர்ந்துகொள்ள, ஊர் ஊராகக் கச்சேரி. பீட்டில்ஸ் 1960 முதல் ஹாம்பர்க் கிளப்புகளில் இரவெல்லாம் வாசித்துத் தேறினார்கள் என்பார்கள். நம் பண்ணைப்புரத்துப் பிள்ளைகளுக்குக் கட்சி மேடைதான் ஹாம்பர்க்.

ராசய்யா இளையராஜா ஆனதும், அமர்சிங் கங்கை அமரன் ஆனதும் உங்களுக்குத் தெரிந்த கதை. அண்ணன் 1973-இல் காலமானார். 1976-இல் வந்த 'அன்னக்கிளி'யை அவர் பார்க்கவில்லை.

சரி, தாக்கத்தை எப்படி அளப்பது? பீட்டில்ஸுக்கு இசைத்தட்டு இருக்கிறது, விற்பனைக் கணக்கு இருக்கிறது. மேடையிலேயே பாடிக் கரைந்துபோன பாட்டுக்கு என்ன கணக்கு? பிள்ளைகள் ஊருக்குள்ளேயே ஆள் தேடினார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தபிறகு, தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே வீடு கட்டியவர்கள் உண்டு. அப்படி ஒருவர் அகப்பட்டார். கம்பத்துக்காரர், ரிட்டயர்டு டர்னர், எண்பதைத் தாண்டியவர்.

பாட்டு வரி ஒன்றுகூட அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் சொன்னார்: "எனக்குப் பதினஞ்சு பதினாறு வயசிருக்கும். பாவலரு பாட ஆரம்பிச்சா ஒரு பய எந்திரிக்க மாட்டான். கூட ஒரு பொடியன் பொம்பளக் குரல்ல பாடுவான். சிரிச்சுக்கிட்டே கேப்போம். வீட்டுக்கு நடக்கையிலதான் நம்ம கூலியத்தான் பாடுனாங்கன்னு ஒறைக்கும். அந்த அறுப்புலதான் எங்கய்யா, நெல்லு அளவு கொறையுதுன்னு மொதலாளிகிட்ட மொத மொதலா வாயத் தொறந்து கேட்டாரு."

பையன்கள் துள்ளினார்கள். "அந்தப் பொடியன் இளையராஜாதான் சார்!" ஒரு பெண் மட்டும், "தாத்தா பேரு சொல்லலையே சார், அமர்சிங்காவும் இருக்கலாமே" என்றாள். அரைமணி நேரம் சண்டை. கடைசியில் அறிக்கையில் 'ஒரு சிறுவன்' என்றே எழுதினார்கள். நம் கல்லூரி ஆய்வேடுகளில் எத்தனை பேருக்கு அந்த அடக்கம் இருந்தது, சொல்லுங்கள்!

பரிசு, வண்ணப்படம் ஒட்டிய பீட்டில்ஸ் குழுவுக்குப் போயிற்று. "ஒரு பெரியவர் சொன்னதெல்லாம் ஆதாரமா?" என்று நடுவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஒருவர் போதாது என்று பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தப் பெண் விடவில்லை. "இன்னும் பத்துப் பேரைக் கேட்டா ஒத்துக்குவீங்களா சார்?" என்றாள். நடுவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அதனால்தான் இங்கே பேச ஒப்புக்கொண்டேன். உங்களில் தேனி, மதுரைப் பக்கத்துக்காரர்கள் இருக்கிறீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், பாவலர் கச்சேரி கேட்டதுண்டா, கேட்டபின் என்ன செய்தார்கள் என்று விசாரித்து, நாலு வரி எழுதி எனக்கு அனுப்புங்கள். யார் பாடினார்கள் என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே எழுதுங்கள். இதுவரை மூன்று பேர் கிடைத்திருக்கிறார்கள். இன்னும் ஏழு பேர் வேண்டும்.